பழைய துறைமுகத்தில் ஒரு புது ஊர்: ஹாம்பர்க் ஹாஃபன்சிட்டி, கேள்வி பதில்

ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில், எல்பே ஆற்றங்கரையில் 157 ஹெக்டேர் பழைய துறைமுகப் பகுதியில் வீடும் அலுவலகமும் கடையுமாக எழுந்துவரும் ஹாஃபன்சிட்டி பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

கே: துறைமுகம் நன்றாகத்தானே ஓடிக்கொண்டிருந்தது? ஏன் அந்த இடத்தை விட்டார்கள்?

துறைமுகம் ஓடியது, அந்த இடத்தில் ஓடவில்லை. மூட்டையும் பீப்பாயுமாக ஆட்கள் ஏற்றி இறக்கிய காலத்துக் குறுகலான துறைகள் அவை. கன்டெய்னர் வந்த பிறகு ஆழமான தண்ணீரும், பெட்டிகளை அடுக்கப் பரந்த வெளியும் வேண்டியிருந்தது. அந்த வேலையெல்லாம் தென்கரைக்குப் போய்விட்டது. நகர மையத்திலிருந்து நடந்தே போகக்கூடிய வடகரையில் கிடங்குகளும் தண்டவாளங்களும் மிஞ்சின. 1997-ல் மேயர் ஹென்னிங் ஃபோஷராவ் திட்டத்தை அறிவித்தார். 2000-ல் முதன்மைத் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது.

கே: சார், நிலம் யாருடையது? பில்டர்கள் மொத்தமாக வளைத்துப்போடவில்லையா?

எல்லாக் கேள்விகளிலும் முக்கியமானது இதுதான். நிலத்தில் பெரும்பகுதி நகரத்துக்கே சொந்தம். அதிலிருந்த குத்தகைகளையும் கட்டடங்களையும், அறிவிப்பு வருவதற்கு முன்பே, நகர நிறுவனம் ஒன்று சத்தமில்லாமல் வாங்கிச் சேர்த்துவிட்டது. விஷயம் முன்னாலேயே வெளியே தெரிந்திருந்தால் விலை எங்கேயோ போயிருக்கும்.

விற்கும் முறையும் கெட்டியானது. தேர்வானவருக்கு உடனே கிரயம் கிடையாது. ஏறக்குறைய ஒன்றரை வருடம் நிலத்தை அவர் பெயரில் ஒதுக்கி வைப்பார்கள். அதற்குள் அவர் வடிவமைப்புப் போட்டி நடத்த வேண்டும், மண் பரிசோதனை செய்ய வேண்டும், கட்டட அனுமதி வாங்க வேண்டும். ஒதுக்கி வைத்ததற்குத் தனிக் கட்டணமும் உண்டு. எல்லாம் முடிந்தால்தான் பத்திரம். சொதப்பினால் நிலம் திரும்ப நகரத்துக்கு. வாங்கிப் பூட்டிவைத்து விலை ஏறக் காத்திருக்கும் வித்தை இங்கே பலிக்காது. விற்ற பணம் ஒரு தனி நிதிக்குப் போகிறது. சாலை, பாலம், பூங்கா, கரையோர நடைபாதை எல்லாம் அதிலிருந்துதான்.

கே: கடலிலிருந்து 100 கிலோமீட்டர் உள்ளே இருக்கும் ஊரில் வெள்ளப் பயம் எதற்கு?

எல்பேயில் அலையேற்றம் ஹாம்பர்க் வரை வரும். வடகடலில் புயல் அடித்தால் தண்ணீர் ஆற்றுக்குள் தள்ளிக்கொண்டு ஏறும். 1962 பிப்ரவரியில் அப்படி வந்த வெள்ளத்தில் இந்த நகரத்தில் மட்டும் 315 பேர் இறந்தார்கள்.

ஹாஃபன்சிட்டி நகரத்தின் பிரதான வெள்ளத்தடுப்புக் கரைக்கு வெளியே இருக்கிறது. சுற்றிலும் புதுக் கரை கட்டியிருந்தால் முதல் வீடு எழுவதற்கு முன்பே பெரும் பணம் முடங்கியிருக்கும், ஆறும் மறைந்திருக்கும். அதனால் நம் ஊரில் திண்ணையை உயர்த்திக் கட்டுவதுபோல, ஒவ்வொரு கட்டடத்தையும் கடல்மட்டத்துக்கு 8, 9 மீட்டர் மேலே மேடை எழுப்பிக் கட்டினார்கள். மேடைக்குள்ளே கார் நிறுத்தம். வாசல்களில் கனமான இரும்பு வெள்ளக் கதவுகள். மேடைச் செலவு அந்தந்த மனையை வாங்கியவர் தலையில். நடைபாதைகளை மட்டும் வேண்டுமென்றே தாழ்வாக விட்டிருக்கிறார்கள், தண்ணீர் வந்தால் வந்துவிட்டுப் போகட்டும் என்று.

2013 டிசம்பரில் ஸாவர் புயலின்போது தண்ணீர் கடல்மட்டத்துக்கு மேல் 6.09 மீட்டர் வரை ஏறியது. நடைபாதைகள் முழுகின, மேடைமேல் இருந்த வீடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கிபெல்ஷ்டேக் என்ற பாலத்தை வெள்ளத்திலும் தீயணைப்பு வண்டியும் ஆம்புலன்ஸும் போகிற உயரத்தில் கட்டியிருக்கிறார்கள். சாதாரண நாளில் அதில் சைக்கிளும் நடையும்தான்.

கே: பணக்காரர்களுக்கான ஊர் என்கிறார்களே, அண்ணே?

ஆரம்பத்தில் பெரும்பாலும் அப்படித்தான். முதலில் முடிந்த டால்மன்காய் பகுதியில் கூட்டுறவு வீடுகளும் இருந்தன என்றாலும், விலையுயர்ந்த வீடுகளே கண்ணில் படும். 2010 வாக்கில்தான், புது வீடுகளில் மூன்றில் ஒரு பங்கு மானிய வாடகை வீடு என்ற விதி வந்தது. என்னைக் கேட்டால், பத்து வருடம் முன்பே வந்திருக்க வேண்டும்.

கே: அங்கே முன்பு மக்கள் யாரும் வாழவில்லையா?

பக்கத்திலேயே சிவப்புச் செங்கல் கிடங்குகள் வரிசையாக நிற்கும் ஷ்பைஷர்ஷ்டாட் இருக்கிறது. 2015 முதல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம். அதைக் கட்ட 1880-களில் சுமார் 20,000 பேரின் குடியிருப்புகளை இடித்தார்கள். படம் எடுப்பவர்களில் பலருக்கு இது தெரியாது.

ஹாஃபன்சிட்டிக்குள் இப்போது லோஸ பூங்கா இருக்கும் இடத்தில் ஹனோவர் ரயில் நிலையம் இருந்தது. 1940 முதல் 1945 வரை அங்கிருந்து யூதர்கள், சின்டி, ரோமா இன மக்கள் என மொத்தம் 8,000-க்கும் மேற்பட்டவர்களை நாஜிகள் நாடுகடத்தினார்கள். 2017-ல் அங்கே நினைவிடம் திறந்தார்கள்.

கே: எல்ப்ஃபில்ஹார்மனி செலவு எவ்வளவு?

கோகோ மூட்டை வைத்திருந்த கிடங்கின் தலையில் கட்டிய இசை அரங்கம். நகரத்தின் பங்கு 7.7 கோடி யூரோ என்று தொடங்கி 78.9 கோடியில் முடிந்தது. 2017 ஜனவரியில் திறந்தார்கள். திட்டியவர்களே இப்போது டிக்கெட்டுக்கு அலைகிறார்கள்.

கே: இவ்வளவு கவனமாக விற்றும் எல்ப்டவர் எப்படிப் பாதியில் நின்றது?

ஹாஃபன்சிட்டியில் 245 மீட்டர் உயரக் கோபுரமாக எழ வேண்டியது, 2023 அக்டோபரில் 100 மீட்டர் அளவில் நின்றுவிட்டது. கட்டிய சிக்னா குழுமம் திவால். நிலத்தைத் திரும்ப வாங்கும் உரிமையை நகரம் ஒப்பந்தத்திலேயே வைத்திருந்தது, அது நல்லதுதான். ஆனால் பத்திரத்தில் எவ்வளவு ஷரத்து எழுதினாலும், பாதிக் கான்கிரீட்டை அது கட்டி முடித்துவிடாது. ஒரே ஆளிடம் ஒரே பிரம்மாண்டத்தைக் கொடுத்தது தப்பு என்பது என் கருத்து.

கே: மும்பையில் இருக்கிறேன். எங்கள் பஞ்சாலை நிலங்களில் இதைச் செய்திருக்கலாமா?

மும்பைப் பஞ்சாலை நிலங்களுக்கான 1991 விதி கிட்டத்தட்ட அந்த வழியில்தான் இருந்தது: மூன்றில் ஒரு பங்கு திறந்தவெளி, ஒரு பங்கு பொது வீட்டுவசதி, மீதி ஆலை உரிமையாளருக்கு. 2001 திருத்தம் அந்தப் பங்கீட்டைக் காலி நிலத்துக்கு மட்டும் என்று சுருக்கிவிட்டது. ஆலைக் கட்டடம் நிற்கும் இடம் கணக்கிலேயே வராது. 2006-ல் உச்ச நீதிமன்றமும் அந்தத் திருத்தத்தை ஏற்றது. அங்கே பெரும்பாலும் நிலம் முதலிலிருந்தே தனியாரிடம், நகரத்தின் கையில் இருந்தது விதி மட்டும். ஹாம்பர்க்கில் நிலமே நகரத்தின் கையில்.

கே: ஒரு நாள்தான் இருக்கிறது, எங்கே தொடங்குவது?

யு4 மெட்ரோவில் எல்ப்ப்ருக்கன் வரை போய், அங்கிருந்து மேற்கே நடந்து வாருங்கள். பாதிக் கோபுரம், புது வீடுகள், லோஸ பூங்கா, 2025-ல் திறந்த பெரிய மால், கடைசியில் இசை அரங்கம் என்று வரிசையாக வரும். காற்று பிய்த்துவிடும், ஜாக்கெட் மறக்காதீர்கள்.