ஒன்றரை லட்சம் கட்டுவதற்கு முன்

தம்பி, திருமங்கலம் பக்கம் இசிஇ மூன்றாம் ஆண்டு. சிப் கம்பெனிக்காரர்கள் கல்லூரிக்கு வந்து ஆசை காட்டிவிட்டுப் போய்விட்டார்கள், லேபில் மென்பொருள் இல்லை, பெங்களூரில் ஒன்றரை லட்சம் கட்டி விஎல்எஸ்ஐ (சிப் வடிவமைப்பு) கோர்ஸ் சேரலாமா என்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம். மாட்டுத்தாவணியில் பஸ் ஏறும் முன் வீட்டிலேயே செய்ய வேலை நிறைய இருக்கிறது.

ஐஐடிகளின் இணையப் பாடத் தளமான என்பிடெல்லில் டிஜிட்டல் சர்க்யூட் பாடம் ஒன்றை முழுசாகப் பாருங்கள். பார்க்கக் காசு கிடையாது, தேர்வுக்குத்தான் கட்டணம். சர்க்யூட்டை நிரலாக எழுதி ஓட்டிப் பார்க்க ஐகாரஸ் வெரிலாக், அதன் சிக்னல்களை வேவ்ஃபார்ம் படமாகப் பார்க்க ஜிடிகேவேவ், இரண்டும் இலவசம், சாதாரண லேப்டாப்பே போதும். அதில் ஒரு எஃப்ஐஎஃப்ஓ (முதலில் வந்த டேட்டாவை முதலில் வெளியே தரும் வரிசை) எழுதுங்கள். அது நிரம்பியபின் இன்னொரு டேட்டா வந்தால் என்ன ஆகிறது? எழுதுவதும் படிப்பதும் ஒரே கிளாக் துடிப்பில் நடந்தால், நிரம்பிவிட்டது என்று சொல்லும் ஃபுல் சிக்னல் என்ன செய்கிறது? வேவ்ஃபார்மை ஒவ்வொரு கிளாக்காக நகர்த்திப் பாருங்கள். நேர்காணலில் தோண்டுவது இந்த இடத்தைத்தான், சர்டிபிகேட்டை அல்ல.

லேஅவுட் (சிப்பின் உள்ளமைப்பை வரைவது) பக்கம் ஆசையிருந்தால், ஸ்கைவாட்டர் என்ற சிப் ஆலையின் 130 நானோமீட்டர் பிடிகே (அந்த ஆலைக்கேற்ப வடிவமைக்கத் தேவையான கோப்புகள்) 2020 முதல் எல்லோருக்கும் இலவசம். ஓப்பன்லேன் என்ற இலவச மென்பொருளில் ஓட்டலாம், லேப்டாப் கொஞ்சம் முனகும்.

அப்புறம், வந்து பேசிய இன்ஜினியருக்கு "இன்டர்ன்ஷிப் கிடைக்குமா சார்" என்று மொட்டையாக மெயில் போடாதீர்கள். வேவ்ஃபார்ம் படத்தோடு ஒரு சந்தேகம் கேளுங்கள், பதில் வர வாய்ப்பு அதிகம்.

மத்திய அரசின் சிப்ஸ் டு ஸ்டார்ட்அப் திட்டத்துக்கு 85,000 பேருக்குப் பயிற்சி என்பது இலக்கு. அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சிடாக்கின் சிப்இன் மையம் வழியாக விலையுயர்ந்த மென்பொருள்கள் கிடைக்கின்றன. மாணவர் வடிவமைத்த சிப்பை மொகாலியில் உள்ள அரசு சிப் ஆலையான எஸ்சிஎல்லில் 180 நானோமீட்டரில் செய்தும் தருகிறார்கள். உங்கள் கல்லூரி அதில் இருக்கிறதா என்று ஹெச்ஓடியிடம் நாளைக்கே கேளுங்கள். இல்லையென்றால், மதுரைக் கல்லூரிகளின் பயிற்சி முகாம்களில் வெளி மாணவரைச் சேர்ப்பார்களா என்று அவரையே விசாரிக்கச் சொல்லுங்கள்.