ப்ளூபெர்ரிக்குப் பதில் நாவல், நெல்லி போதுமா?

கேள்வி: என் கணவருக்கு (வயது 52) ஆறு வருடமாகச் சர்க்கரை நோய். மகளுக்கு (19) ரத்தசோகை, ஹீமோகுளோபின் 9.2 தான். ஆன்டிஆக்ஸிடன்ட் (உடம்பின் செல்களைச் சேதமாகாமல் காக்கும் சத்து) நிறைய என்கிறார்களே என்று விலையைப் பார்க்காமல் ப்ளூபெர்ரி வாங்கித் தருகிறேன். எங்கள் பக்கம் கிடைக்கும் நாவல், களா, இலந்தை, நெல்லியில் அந்தச் சத்து இல்லையா? கணவர் நாவல்கொட்டைப் பொடி சாப்பிடத் தொடங்கியதும் மாத்திரையைப் பாதியாக்கிவிட்டார். அது சரியா?
- வாசகி, விருதுநகர் மாவட்டம்

பதில்: முதலில் மாத்திரை விஷயம். அவராகக் குறைத்தது தவறு. நாவல்கொட்டை சர்க்கரையை ஓரளவு குறைக்கலாம் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் மாத்திரைக்கு மாற்றாகும் அளவுக்கு அதில் ஆதாரம் இல்லை. பொடியும் மாத்திரையும் சேர்ந்து சிலருக்குச் சர்க்கரை தாழ்நிலைக்கு இறங்கவும் கூடும். இந்த வாரமே அவருடைய மருத்துவரிடம் பொடியைப் பற்றி மறைக்காமல் சொல்லி, வெறும் வயிற்றுச் சர்க்கரையும், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சியும் பார்த்துவிடுங்கள்.

இனி பழம். நாவல் தின்றால் நாக்கு ஊதாவாகிறதே, அந்தச் சாயம்தான் ஆந்தோசயனின் என்ற ஆன்டிஆக்ஸிடன்ட். ப்ளூபெர்ரிக்குப் பெயர் வாங்கித் தந்ததும் இதே நிறமிக் குடும்பம்தான். கடையில் வாங்கும் ப்ளூபெர்ரியைக் கடித்துப் பாருங்கள், உள்ளே வெளுத்திருக்கும், நிறமெல்லாம் தோலில். நன்றாகக் கனிந்த நாவலில் சதையிலும் நிறம் இறங்கியிருக்கும்.

இதை வைத்து எந்தப் பழத்துக்கு எத்தனை மார்க் என்று போட்டி நடத்துவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பழங்களின் ஆன்டிஆக்ஸிடன்ட் திறனை எண்ணில் தரும் பட்டியல் ஒன்றை அமெரிக்க வேளாண் துறை தன் தளத்தில் வைத்திருந்தது. சோதனைக் குழாயில் கிடைக்கும் எண் உடம்புக்குள் நடப்பதைச் சொல்லாது என்று 2012-ல் அதை எடுத்துவிட்டது. விளம்பரக்காரர்கள்தான் இன்னும் விடவில்லை.

வைட்டமின் சி அப்படியல்ல, கணக்குப் பார்க்கலாம். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணைப்படி 100 கிராம் நெல்லியில் சுமார் 250 மில்லிகிராம். ப்ளூபெர்ரியில் 10 மில்லிகிராம் அளவுதான். பெண்களுக்கு ஒரு நாளைக்கு 65 மில்லிகிராம் பரிந்துரைக்கிறார்கள், ஒரு நடுத்தர நெல்லிக்காயே போதும். பச்சையாக, கொஞ்சம் உப்பு தொட்டுத் தின்றால்தான் இந்தக் கணக்கு. தேன்நெல்லி என்றால் பாகையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும், அது உங்கள் கணவருக்கு வேண்டாம். சர்க்கரையும் வெல்லமும் சேர்த்த இலந்தை வடைக்கும் இதே பதில்தான். இலந்தையைப் பழமாகவே தரலாம், தை, மாசியில் நிறையக் கிடைக்கும்.

நாவல் ஒரு வேளைக்கு ஒரு கைப்பிடி போதும். 100 கிராமில் ஏறக்குறைய 14 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. 'சர்க்கரைக்காரர் பழம்' என்று கிலோ கணக்கில் தின்பவர்களைப் பார்க்கிறேன். சாப்பாட்டோடு சேர்க்காமல் மாலை நாலு மணி வாக்கில், பிஸ்கட்டுக்குப் பதிலாகக் கொடுங்கள்.

களாப்பழம் நன்றாகக் கறுத்ததாகப் பார்த்து வாங்குங்கள். காயைக் கடித்தால் வெள்ளைப் பால் உதட்டில் பிசின் மாதிரி ஒட்டும், புளிப்பும் தாங்காது. ஊறுகாய் போட்டால் உப்பு ஏறிவிடும், ரத்தக் கொதிப்பு இருந்தால் யோசிக்க வேண்டும். இன்னொரு வேடிக்கை: பேக்கரி கேக்கின் உச்சியில் பளபளவென்று உட்கார்ந்திருக்கும் செர்ரி பல இடங்களில் நம் களாக்காய்தான். இயற்கை நிறத்தைப் போக்கி, பாகில் ஊறவைத்து, சிவப்புச் சாயம் ஏற்றியது. அதில் தேட ஒன்றும் மிச்சமில்லை.

மகளுக்கு எந்தப் பழமும் மருந்தாகாது. 9.2 என்பது மிதமான ரத்தசோகை. மருத்துவர் சொல்லும் இரும்புச்சத்து மாத்திரையைத்தான் சாப்பிட வேண்டும். நெல்லியோ எலுமிச்சைச் சாறோ கூடவே இருந்தால் இரும்பு நன்றாக உடம்பில் சேரும். நாவலின் துவர்ப்புக்குக் காரணமான டானின் அதைத் தடுக்கும். அதனால் மாத்திரைக்கும் நாவலுக்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள், டீ, காபிக்கும் அப்படியே. ஒரு மாதம் கழித்து ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். ஏறவில்லை என்றால் மாதவிடாயில் அதிகம் போகிறதா, வயிற்றில் பூச்சி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.