கற்றாழை குளிர்த்தும், வெயிலைத் தடுக்காது

தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கொழுந்தெடுக்கும் சகோதரி ஒருவர் கேட்கிறார்: "வயது 38. இரண்டு கன்னத்திலும் கருந்திட்டாக மங்கு, கண்ணோரம் சுருக்கம். மஞ்சளில் தேசிக்காய் பிழிந்து பூசிக்கொண்டுதான் மலைக்குப் போகிறேன். லயத்து வீடுகளுக்கு வரும் ஒருவர் மூலிகைக் கிறீம் தருகிறார், டப்பா 1,200 ரூபாய். ஏழு நாளில் முகம் வெளுக்குமாம். வாங்கலாமா?"

வாங்காதீர்கள். தேசிக்காயையும் இன்றோடு விடுங்கள். அதன் சாறு பட்ட தோலில் வெயில் அடித்தால் வெந்து கறுத்துப்போகும். மங்கு போக என்று பூசியதே மங்கைக் கூட்டியிருக்கலாம்.

இந்தக் குளிரில் வெயில் எங்கே என்று கேட்பீர்கள். தோலைக் கெடுக்கும் புற ஊதாக் கதிர் நமக்குச் சுடாது. ஆயிரம் மீற்றர் ஏறினால் அது சுமார் 10 வீதம் கூடும். நுவரெலியா 1,868 மீற்றரில் இருக்கிறது. மெல்லிய மேகத்தையும் தாண்டி வரும். மஞ்சள், சந்தனம், மரமஞ்சள் எதை அரைத்துப் பூசினாலும் அதற்குக் குடை பிடிக்காது. சித்த வைத்தியம் செய்கிற நானே சொல்கிறேன்.

கற்றாழை மட்டும் வைத்துக்கொள்ளலாம், அதுவும் வேலை விட்டு வந்த பிறகு. மடலை வெட்டியதும் பூசிவிடாதீர்கள். வெட்டுவாய் கீழே பார்க்கும்படி கோப்பையில் அரை மணி நேரம் நிறுத்தினால் மஞ்சளாகப் பால் வடியும். தோலை அரிக்க வைப்பது அதுதான். அப்புறம் பச்சைத் தோலைச் சீவி, உள்ளே இருக்கும் சோற்றை இரண்டு மூன்று தண்ணீரில் கழுவுங்கள். முதலில் முன்கையில் தடவி ஒரு நாள் பாருங்கள், அரிக்காவிட்டால் முகத்துக்கு. எரிச்சல் தணியும், வறட்சி குறையும். மங்கை எடுக்காது.

சரி, அந்தக் கிறீம். ஏழு நாளில் வெளுக்க வைக்கும் மூலிகை எதையும் நான் படித்ததில்லை. அப்படி வெளுத்தால் உள்ளே பாதரசமோ ஸ்டீரொய்டு மருந்தோ இருக்கிறதா என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். தாயின் முகத்தில், தலையணையில் இருப்பது பிள்ளைக்கும் ஒட்டும். ஸ்டீரொய்டு தோலை மெலிய வைக்கும். நிறுத்தினால் முகம் சிவந்து எரியும். டப்பாவில் இலைப் படம் இருக்கும், செய்தவர் விலாசம் இருக்காது. இதையெல்லாம் யார் கண்காணிப்பது? மருந்துகளைக் கட்டுப்படுத்திய 1980ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரிலாவது அழகுசாதனம் என்ற சொல் இருந்தது. 2015இல் வந்த புதுச் சட்டத்தின் பெயரில் அதுவும் இல்லை. இப்படியொரு டப்பாவோடு நான் ஏறி இறங்கிய கந்தோர்களில் ஒருவர் மற்றவரைக் கை காட்டியதுதான் மிச்சம்.

அந்த 1,200 ரூபாய்க்கு அகல விளிம்புத் தொப்பி ஒன்று வாங்குங்கள். தலைத்துணியைக் கன்னம் மறைய இழுத்துக் கட்டி, அதன்மேல் போடுங்கள். பத்து மணியிலிருந்து இரண்டு மணிவரை நிழலில் இருக்கச் சொல்வார்கள். கொழுந்து நிறுக்கிறவரிடம் அதை யார் சொல்வது? வெயில் தடுக்கும் கிறீமான சன்ஸ்கிறீன் வாங்க முடிந்தால், அது எவ்வளவு தடுக்கும் என்று காட்டும் எஸ்.பி.எஃப். எண் 30க்குக் குறையாமல் பாமசியில் கேளுங்கள்.

டப்பா ஏற்கெனவே வீட்டுக்கு வந்து, பூசியும் ஆகிவிட்டது என்றால் வீசிவிடாதீர்கள். கையோடு எடுத்துக்கொண்டு அரசாங்க ஆஸ்பத்திரியின் தோல் கிளினிக்குக்குப் போங்கள். கருத்தடை மாத்திரை குடிப்பவரானால் அதையும் சொல்லுங்கள், அதனாலும் மங்கு வரும்.