மானிட்டரில் ஒட்டியிருந்த தாள்

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் சிறிய பட்டறை வைத்திருக்கிறேன். கோவையில் வாங்கிய, உலோகம் செதுக்கும் பழைய மில்லிங் மெஷினுக்கு, பாலிடெக்னிக் படித்த என் அக்கா மகன் அதை இயக்கும் லினக்ஸ்சிஎன்சி என்ற இலவச மென்பொருளைப் பழைய கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்தான். வேகமாக ஓட்டினால் மோட்டார் இடையிடையே ஸ்டெப்பை (ஒரு சிறு நகர்வை) விட்டுவிடுகிறது. பம்பு பாகங்கள் இரண்டு முறை வீணாகிவிட்டன. அதை உருவாக்குபவர்களுக்குக் கோபமாக எழுதினேன். ‘லேட்டன்சி எவ்வளவு?’ என்று ஒரே வரியில் கேட்டார்கள். ‘1,12,000 நானோசெகண்டு, இந்தக் கம்ப்யூட்டர் ஆகாது’ என்று அக்கா மகன் அன்றே தாளில் எழுதி மானிட்டரில் ஒட்டியிருந்தான். குறையைத் தீர்க்காமல் பரீட்சை வைப்பவர்களுக்கு அதை ஏன் அனுப்ப வேண்டும் என்று விட்டுவிட்டேன். அவனும் இப்போது கஞ்சிக்கோட்டில் வேலைக்குப் போகிறான். பட்டறைப் பக்கம் வருவதில்லை. இலவசமாகத் தருகிறார்கள் என்பதற்காகப் பயன்படுத்துவோரை இப்படி அலட்சியப்படுத்தலாமா?

பதில்: அலட்சியம் நடந்திருக்கிறது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். அதைச் செய்தவர் நீங்கள்.

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போன அந்தத் தாளைத்தான் நான் விடப்போவதில்லை. லேட்டன்சி என்பது கம்ப்யூட்டர் ஒரு வேலையைச் செய்வதில் பிந்தும் நேரம். உங்களுடையது 1,12,000 நானோசெகண்டு, அதாவது 112 மைக்ரோசெகண்டு. கம்ப்யூட்டரே மோட்டாருக்கு ஸ்டெப் மின்துடிப்புகளை அனுப்பும் அமைப்பில் தாமதம் 15 முதல் 20 மைக்ரோசெகண்டுக்குள் இருந்தால் மிக நல்லது, 30 முதல் 50 வரை போனால் வேகம் சற்றுக் குறையும், 100-ஐத் தொட்டுவிட்டால் அந்தக் கம்ப்யூட்டர் இவ்வேலைக்கு ஏற்றதல்ல என்று அம்மென்பொருளின் கையேடே சொல்கிறது. போக வேண்டிய துடிப்பு பிந்திப் போனால், வேகமாகச் சுழலும் ஸ்டெப்பர் மோட்டார் தடுமாறி ஸ்டெப்பை விடும். மோட்டார் நிற்கும் இடத்தைத் திருப்பிச் சொல்ல என்கோடர் இல்லாதபோது, விட்டது மென்பொருளுக்குத் தெரியவும் வழியில்லை. ஆகவே அவர்கள் கேட்டது, உங்கள் குறையை ஆராய முற்படும் எவரும் முதலில் கேட்டாக வேண்டிய கேள்வி. அதற்கான விடை உங்கள் கண்ணுக்கு நேராக ஒட்டியிருந்தது. இரண்டு முறை உலோகத்தை வீணாக்கினீர்களே தவிர, அதை ஒரு முறை மதித்துப் படிக்கவில்லை.

இனி, நீங்கள் திட்டியவர்கள் யாரென்று தெரிந்துகொள்ளுங்கள். 1990களில் அமெரிக்க அரசின் தரநிலை நிறுவனமான என்ஐஎஸ்டியில் தொடங்கிய அந்த வேலையைப் பின்னர் தன்னார்வலர்கள் ஏற்றுக்கொண்டு இன்றுவரை வளர்த்து வருகிறார்கள். உத்தரவாதம் ஏதும் இல்லை என்று ஜிபிஎல் என்ற அதன் கட்டற்ற மென்பொருள் உரிமத்திலேயே எழுதித்தான் தருகிறார்கள். அவர்களுடைய பதில்கள் சில நேரம் வறண்டிருக்கும். கையேட்டில் புதியவருக்கு விளங்காத பக்கங்களும் உண்டு. அவற்றைச் சுட்டிக்காட்டும் கண்டனம் அவர்களுக்கு வேண்டியதே. எந்த வேகத்தில், எந்த அச்சில், எத்தனை மில்லிமீட்டர் விலகியது என்று எழுதுகிற ஒருவர், ஒரு வரி நிரல் எழுதாமலே அந்த மென்பொருளைச் சீராக்குகிறார். ஏரி தூர்வார ஒரு நாளும் ஆள் அனுப்பாமல், மடையில் தண்ணீர் குறைந்ததும் வாய்க்கால் வெட்டியவர்களை ஏசுகிற வீட்டை நம் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்து ஊர்களில் யாரும் மதிப்பதில்லை. உங்கள் கடிதத்தை அவர்களும் அப்படித்தான் படித்திருப்பார்கள்.

அந்தத் தாளை எழுதிய பிள்ளைக்கு வருகிறேன். அவருக்குக் கூலி கொடுத்ததாக உங்கள் கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை. அவர் ஏன் வருவதில்லை என்ற கேள்வியும் இல்லை. சொந்தத்துக்குச் செய்கிற வேலைக்குக் கூலி வேண்டாம் என்று அவர் சொல்லலாம். அதை நீங்கள் அவருக்காக முடிவு செய்ய முடியாது. தாய்மாமன் கடமை காதுகுத்துக்கு மடியில் உட்காரவைத்துச் சீர் செய்வதோடு முடிந்துவிடும் என்று நான் நினைக்கவில்லை. அந்தப் பிள்ளை ஒரு தொழிலைக் கற்றுக்கொண்டு வந்து நிற்கும்போது, அதில் அவர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்பதும் மாமனின் கடமைதான். சொன்னதையே கேட்காத இடத்துக்கு அவர் எதற்காக வர வேண்டும்? பணம் வாங்காமல் உதவியவர்களைத் தாழ்வாக நினைக்கும் பழக்கம் உங்கள் வீட்டில்தான் தொடங்கியிருக்கிறது. வெளிநாட்டுக்காரர்கள்மீது காட்டியது அதன் மிச்சம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போய், அக்காவின் முன்னிலையிலேயே மருமகனிடம் வருத்தம் தெரிவியுங்கள். செய்த வேலைக்கான தொகையையும் கையோடு கொண்டுபோங்கள். அந்தக் கம்ப்யூட்டரை மாற்றுவதா, துடிப்புகளைத் தானே உருவாக்கும் தனி அட்டை ஒன்றை வாங்குவதா என்பதை அவர் சொல்லட்டும், செலவு உங்களுடையது. எமர்ஜென்சி சுவிட்ச் மென்பொருளை நம்பாமல் மோட்டார் டிரைவுகளின் மின்சாரத்தை நேராகத் துண்டிக்கும்படி இருக்கிறதா என்றும் அவரையே பார்க்கச் சொல்லுங்கள். பட்டறையில் வேலை செய்பவர்களின் கைகளுக்கு நீங்கள்தான் பொறுப்பு. அதன்பின் நீங்கள் திட்டியவர்களுக்கு மன்னிப்போடு 1,12,000 என்ற எண்ணை அனுப்புங்கள். அதை அளந்தவர் யாரென்பதையும், அவர் சம்மதித்தால், பெயரோடு எழுதுங்கள்.