வண்ணத்துப்பூச்சிகளுக்கு சார்ஜண்ட், கமாண்டர், மார்மன் என்றெல்லாம் ஏன் பெயர்? இந்த ஆர்வலர்கள் சிரிக்கவே மாட்டார்களா?

கேட்கிற தொனியிலேயே தெரிகிறது, புதிதாக ஏதோ குழுவில் சேர்ந்து, ஒரு பெயரைத் தப்பாகச் சொல்லி மாட்டிக்கொண்டிருக்கிறீர்கள். சரி, நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

வண்ணத்துப்பூச்சி பார்க்கப் போன என் முதல் நடையில், கறுப்பு இறக்கையில் வெள்ளைப் பட்டைகளோடு ஒன்று வந்தது. 'காமன் செய்லர்' என்றார்கள். யாரும் கேட்காமலே நான் விளக்கம் கொடுக்க ஆரம்பித்தேன். சார்ஜண்ட், கமாண்டர், கமடோர் எல்லாம் இருக்கிற கூட்டத்தில் இது மாலுமி, அந்த வெள்ளைப் பட்டைதான் சீருடை என்று. எல்லாம் சொந்தச் சரக்கு. ஒரு பெரியவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தம்பி, அது எப்படிப் பறக்குதுன்னு கொஞ்சம் பாருங்க" என்றார்.

பார்த்தேன். இறக்கையை அதிகம் உயர்த்தாமல் சின்னச் சின்னதாகச் சில அடி. அப்புறம் இரண்டையும் விறைப்பாகத் தட்டையாக வைத்துக்கொண்டு அப்படியே வழுக்கிப் போகிறது, பாய் விரித்த படகு போல. அந்த மிதப்பைப் பார்த்து வைத்த பெயராம் அது. ஆங்கிலத்தில் எழுதினால் மாலுமிக்கும் (sailor) இதற்கும் (sailer) ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம். அன்று முதல் குழுவில் என் பெயர் 'கேப்டன்'. நான் வந்தாலே சல்யூட் அடிக்கிறார்கள். சிரிக்க மாட்டார்களா என்று கேட்டீர்களே!

"தெரியாததை ஏன் பேசினாய்" என்று கிளம்பி வருபவர்களுக்கு: அச்சிலேயே இரண்டு எழுத்துக்கூட்டலும் புழங்குகின்றன. அதோடு, இதே உருவத்தில் ஆரஞ்சுப் பட்டையோடு இருக்கும் உறவுக்காரனுக்கு லாஸ்கர் என்று பெயர். லாஸ்கர் என்றால் அந்தக் காலக் கப்பல்களில் வேலை பார்த்த ஆசிய மாலுமி. ஆக, நான் ஒன்றும் காற்றில் கோட்டை கட்டவில்லை. இந்தியப் பூச்சிகளைச் சேகரித்து எழுதியவர்களில் ராணுவ அதிகாரிகள் நிறையப் பேர். எவன்ஸ் என்பவர் பிரிகேடியர். பதவிப் பெயர்களாக இருப்பதில் என்ன ஆச்சரியம்?

மார்மன் மட்டும் பழைய காலத்துக் கிண்டல். அந்த இனத்தில் பெண் பூச்சி மூன்று கோலத்தில் வரும். ஒன்று ஆண் போலவே இருக்கும், மற்ற இரண்டும் உண்டால் ஒத்துக்கொள்ளாத ரோஸ் என்னும் வேறு வண்ணத்துப்பூச்சி வகைகளின் வேஷம். ஒரே ஆணுக்கு மூன்று மனைவி என்று பார்த்தவர்கள், அப்போது பலதார மணத்துக்குப் பேர்போன மார்மன் என்ற அமெரிக்கக் கிறிஸ்தவச் சபையின் பெயரை ஒட்டிவிட்டார்கள். சபை 1890-லேயே அதைக் கைவிட்டுவிட்டது, பூச்சிதான் இன்னும் சுமக்கிறது.

லத்தீன் பெயர் இன்னும் வேடிக்கை. 1758-இல் ஸ்வீடன் இயற்கை அறிஞர் லின்னேயஸ் பல வண்ணத்துப்பூச்சிகளுக்கு டிராய் போர்க் கதையிலிருந்து பெயர் வைத்தார். கிரிம்சன் ரோஸுக்கு ஹெக்டர், மார்மனுக்கு பாலிடெஸ். கதையில் இருவரும் அண்ணன் தம்பி. பாலிடெஸின் ஒரு மனைவி போடுவது ஹெக்டரின் வேஷம், அதாவது மச்சாண்டார் வேஷம்! இந்த ஜோக்கை நான்தான் கண்டுபிடித்தேன். கேப்டன் என்று பெயர் வைத்தவர்கள் இதற்கு ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

ஒன்று சொல்லியே ஆக வேண்டும். பறவை பார்க்கிறவர்களோடு சேர்ந்து போகாதீர்கள். அவர்கள் ஒரு ஆந்தைக்காக முக்கால் மணி நேரம் நம்மை மூச்சுவிடாமல் நிற்கவைப்பார்கள். நாம் ஒரு செய்லருக்காகக் குனிந்தால், "சார், பூச்சிதானே, வாங்க போகலாம்" என்பார்கள்.