லேப் இல்லாதவர்களுக்கு என்ன ஆராய்ச்சி? குடியாத்தத்துத் தம்பிக்கு ஒரு பதில்

குடியாத்தத்திலிருந்து அமெரிக்காவுக்குச் சமூகவியல் படிக்க வந்து ஒன்றரை மாதம் ஆன ஒரு தம்பி கேட்டிருக்கிறான். அவனுடைய சித்தி என்னோடு பள்ளியில் படித்தவள், அந்த உரிமை. “அக்கா, இங்கே பி.ஏ. முதல் வருஷத்திலேயே எல்லாரும் ரிசர்ச், ரிசர்ச் என்கிறார்கள். லேபில் இருக்கிற பசங்களுக்குச் சரி. எங்களுக்கு என்ன ஆராய்ச்சி? ப்ரொபசரிடம் எப்படிப் போய்க் கேட்பது? காசு கொடுப்பார்களா? விசாவுக்குச் சிக்கல் வருமா?”

தம்பி, விசாவிலிருந்து ஆரம்பிக்கிறேன். அதில் தப்பு செய்தால் மற்ற மூன்றுக்கும் வேலையே இல்லை. நீ வந்திருப்பது எஃப்-1 விசாவில். வகுப்பு நடக்கும் காலத்தில் கேம்பஸுக்குள் வாரம் 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம். லீவில் முழு நேரம் செய்யலாம். ப்ரொபசரிடம் சம்பளத்துக்கு வேலை பார்ப்பதும் இந்த 20-க்குள்தான். கேன்டீனில் 12 மணி நேரம் போனால் ஆராய்ச்சிக்கு மிச்சம் 8. விளம்பரத்தில் ‘வொர்க் ஸ்டடி’ என்று இருந்தால் அது அமெரிக்க மத்திய அரசுப் பணம், நமக்குக் கிடையாது. இங்குள்ள தேசிய அறிவியல் அறக்கட்டளை பணம் கொடுக்கும் ஆர்.இ.யூ. என்ற கோடை ஆராய்ச்சித் திட்டங்களும் அமெரிக்கக் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும்தான். நான் முதல் வருஷம் அப்படி நாலு இடத்துக்கு ராத்திரி கண் விழித்து விண்ணப்பம் எழுதினேன். தகுதி என்ற பத்தியைப் படிக்கவே இல்லை.

பல்கலைக்கழகம் தன் சொந்தப் பணத்தில் நடத்தும் கோடை உதவித்தொகைகளில் நம்மைப் போன்றவர்களையும் சேர்ப்பது உண்டு. அங்கே தேடு. கேம்பஸுக்கு வெளியே ஆஸ்பத்திரி, தொண்டு நிறுவனம் என்று யார் கூப்பிட்டாலும், சம்பளமே இல்லை என்றாலும், சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேட்காமல் தலையாட்டாதே.

சரி, லேப் இல்லாதவர்களுக்கு என்ன ஆராய்ச்சி?

இளநிலை மாணவர்களை ஆராய்ச்சியில் சேர்ப்பது இந்த நாட்டில் ஒரு ஏற்பாடாக வளர்ந்ததற்கு எம்.ஐ.டி.யைச் சொல்வார்கள். 1969-ல் மார்கரெட் மெக்விகர் அங்கே அப்படி ஒரு திட்டம் தொடங்கினார். ஆனால் அதற்கும் அரை நூற்றாண்டுக்கு முன்னால் நம் பக்கத்தில் நடந்த கதை ஒன்று உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பொருளாதாரப் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற ஆங்கிலேயர், 1916-ல் தன் மாணவர்களிடம் கேள்விப் பட்டியலைக் கொடுத்து, லீவுக்குப் போகும்போது கிராமத்தை விசாரித்து எழுதிக்கொண்டு வரச் சொன்னார். யாருக்கு எத்தனை நிலம், என்ன பயிர், எவ்வளவு கூலி, யாருக்கு எவ்வளவு கடன். அது 1918-ல் புத்தகமாக வந்தது. அதில் ஒரு கிராமம் வட ஆற்காட்டுத் தூசி. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறதே, அதே தூசிதான். பின்னால் வந்தவர்கள் அதே கிராமங்களுக்கு மறுபடி மறுபடி போய், என்ன மாறியிருக்கிறது என்று கணக்கெடுத்தார்கள். லீவுக்கு ஊருக்குப் போன பையன்கள் எழுதி வந்ததுதான் அதற்கெல்லாம் அடிப்படை.

எனக்கு இது இரண்டாம் வருஷம் நூலகத்தில்தான் தெரிந்தது. வளர்ச்சிப் பொருளாதாரப் புத்தகம் ஒன்றைப் புரட்டினால் ஆரணி, செய்யாறு என்று போட்ட வரைபடம். 1970-களில் கேம்பிரிட்ஜ்காரர்களும் சென்னைப் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து, புது நெல் ரகங்கள் வந்ததில் யாருக்கு லாபம் என்று வட ஆற்காட்டுக் கிராமங்களில் ஆராய்ந்திருக்கிறார்கள். பார்பரா ஹாரிஸ்-வொயிட் என்ற அம்மையார் நெல், பட்டு, நகை என்று ஆரணியின் வியாபாரத்தை நாற்பது வருஷம் தொடர்ந்து பார்த்து எழுதியிருக்கிறார். ‘சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு’ என்று வேலூரைப் பற்றிக் கேலிதான் கேட்டு வளர்ந்தேன். (கோயிலுக்கு 1981-லேயே சாமி வந்தாயிற்று, கேலி மட்டும் போகவில்லை.) ஏழு கடல் தாண்டி ஒரு புத்தக அலமாரியில் என் மாவட்டத்தைப் பார்த்ததும் அங்கேயே தரையில் உட்கார்ந்து படித்தேன்.

மருத்துவத் துறைக்கும் நம் ஊரில் ஒரு கதை உண்டு. 1986-ல் இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதை முதலில் காட்டியது செல்லப்பன் நிர்மலா என்ற மாணவியின் ஆய்வேடு. சென்னை மருத்துவக் கல்லூரியில் மேல்படிப்பு மாணவி, வழிகாட்டி சுனிதி சாலமன். சென்னையில் எடுத்த ரத்த மாதிரிகளோடு ராத்திரி ரயில் பிடித்துக் காட்பாடியில் இறங்கி, வேலூர் சி.எம்.சி.யில் சோதித்தார்கள். உன்னைப் போல இளநிலை இல்லைதான். ஆனாலும் படிக்கிற பெண் ஒருத்தி செய்த வேலை.

இனி என் கதை. இதை நீ கவனமாகக் கேட்க வேண்டும்.

இரண்டாம் வருஷக் கோடையில் ஊருக்கு வந்தபோது, பேரணாம்பட்டில் அத்தை வீட்டுத் தெருவில் பீடி சுற்றும் பெண்களிடம் பேசிப் பதிவு செய்தேன். முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, இலை வெட்டி, தூள் வைத்து, கண்ணை எடுக்காமலே பேசுவார்கள். ஆயிரம் பீடிக்கு என்ன கூலி, ஏஜென்ட் எத்தனையைக் கழிக்கிறார், பாஸ்புக் யார் பேரில் இருக்கிறது என்று 14 பேரிடம் கேட்டேன். திரும்பி வந்து ப்ரொபசரின் மேசையில் பெருமையாக வைத்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி, “ஐ.ஆர்.பி. அனுமதி எங்கே?”

மனிதர்களிடம் விவரம் வாங்கிச் செய்யும் ஆராய்ச்சியைத் தொடங்கும் முன்னால் பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழுவிடம் காட்ட வேண்டும். அந்தக் குழுதான் ஐ.ஆர்.பி. செய்து முடித்த பிறகு அனுமதி வாங்க முடியாது. 14 பேரில் ஒருவர் பேச்சைக்கூடப் பயன்படுத்தக் கூடாது என்று ப்ரொபசர் சொல்லிவிட்டார். என் அத்தையிடம் பேச நான் யாரிடம் கடிதம் வாங்க வேண்டும் என்று ஒரு வாரம் கொதித்தேன்.

அப்புறம்தான் பதிவுகளை மறுபடி போட்டுக் கேட்டேன். ஒரு அக்கா கூலி பற்றி நன்றாகப் பேசிக்கொண்டே வருகிறார். நடுவில் செருப்புச் சத்தம். அதற்கப்புறம் எல்லாவற்றுக்கும் “நல்லாத்தான் குடுக்கறாங்க” என்ற ஒரே பதில். வந்தவர் ஏஜென்ட். நானோ அவர் எதிரிலேயே கேள்வியைத் தொடர்ந்திருக்கிறேன். ஒவ்வொரு பதிவின் ஆரம்பத்திலும் பெயர், தெரு, வீடு எல்லாம் தெளிவாக இருக்கிறது. அந்த போனைத்தான் ஒரு நாள் அத்தை வீட்டுத் திண்ணையில் மறந்து வைத்துவிட்டு வந்தேன். ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால் வேலை போவது அந்த அக்காவுக்கு. எனக்கு ஒரு மார்க் குறைந்திருக்கும், அவ்வளவுதான்.

இந்தக் குழு ஏன் வந்தது தெரியுமா? அலபாமாவில் 1932 முதல் 1972 வரை சிபிலிஸ் நோயிருந்த கறுப்பின ஆண்களுக்கு, பென்சிலின் வந்த பிறகும் வைத்தியம் கொடுக்காமல், ஆராய்ச்சி என்ற பேரில் அரசுச் சுகாதாரத் துறையினரே வேடிக்கை பார்த்தார்கள். அது வெளியில் வந்து நாடே கொதித்த பிறகுதான் 1974-ல் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின் வழியில் வந்தவைதான் இந்தக் குழுவும், ஆராய்ச்சி நெறிமுறை பற்றி நீ எழுதப்போகும் ஆன்லைன் பயிற்சியும். பயிற்சியை இப்போதே முடித்துவிடு. சான்றிதழ் கையில் இருந்தால் ப்ரொபசர்கள் சேர்க்கத் தயங்க மாட்டார்கள்.

ப்ரொபசரிடம் எப்படிக் கேட்பது என்றாயே. ‘மதிப்புக்குரிய ஐயா, தங்கள் பொன்னான நேரத்தில்’ என்று நம் ஊர் விண்ணப்பம் போல எழுதாதே. அவர் எழுதிய கட்டுரை ஒன்றைப் படி. அதில் உனக்குப் பிடித்த இடம், புரியாத இடம் இரண்டையும் நாலு வரியில் சொல்லி, 15 நிமிஷம் பேசலாமா என்று கேள். ஒரு வாரம் பதில் இல்லையா, இன்னொரு தடவை எழுது. கோபமெல்லாம் இல்லை, மறந்திருப்பார்கள். அதைவிட நல்ல வழி ஆபீஸ் ஹவர்ஸ், அதாவது மாணவர்கள் வந்து பேச ப்ரொபசர் ஒதுக்கி வைக்கும் நேரம். பெயிலாகிறவன்தான் அங்கே போவான் என்று நான் ஒரு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். பல நாள் ப்ரொபசர் தனியாகத்தான் உட்கார்ந்திருப்பார்.

முதலில் கிடைக்கும் வேலை பெரிதாக இருக்காது. பேட்டிகளைக் கேட்டு டைப் அடிப்பது, பழைய கடிதங்களைப் பார்த்துப் பட்டியல் போடுவது. ஒரு மணி நேரப் பேட்டியை டைப் அடிக்க எனக்கு ஐந்து மணி நேரம் ஆகும். அலுப்புத்தான். ஆனால் ஒருவர் எங்கே தயங்குகிறார், எங்கே பேச்சை மாற்றுகிறார் என்று எனக்குப் பிடிபட்டது அந்த வேலையில்தான்.

உனக்குத் தமிழ் படிக்கத் தெரியும் என்பதை மெயிலில் கட்டாயம் எழுது. 1853-ல் தொடங்கிய ஆற்காடு மிஷனை நடத்திய அமெரிக்கத் திருச்சபையின் ஆவணக் காப்பகம் நியூ ஜெர்சியில் இருக்கிறது. அங்கே ராணிப்பேட்டை, ஆரணி என்று ஊர்ப் பெயர் வந்தால், இங்கிருப்பவர்களுக்கு வெறும் பெயர். உனக்குப் பஸ் ரூட்டே தெரியும்.

காசைப் பொறுத்தவரை மணிக்கூலி, கோடை உதவித்தொகை, கிரெடிட் என்று மூன்று வழி. கிரெடிட் என்றால் ஆராய்ச்சியை ஒரு பாடமாகப் பட்டத்துக்குக் கணக்கில் சேர்ப்பார்கள், காசு வராது, சில இடத்தில் கூடுதல் பீஸ் நீயே கட்ட வேண்டியிருக்கும். சேரும் முன்னால் கணக்குப் பார்.

எல்லாம் சரியாக நடந்தால் வசந்த காலத்தில் உன் ஆராய்ச்சியை ஒரு பெரிய தாளில் சுருக்கி, போஸ்டர் போடச் சொல்வார்கள். எல்லாத் துறை இளநிலை மாணவர்களுக்கும் சேர்த்து 1987-லிருந்து தேசிய அளவில் ஒரு மாநாடே நடக்கிறது. போக வர, தங்க உன் துறை பணம் தருமா என்று முன்கூட்டியே கேட்டு வை. போஸ்டரைத் துணியில் அச்சடிக்கச் சொல், மடித்துப் பையில் வைத்துக்கொள்ளலாம். நான் காகிதத்தில் அடித்து, குழாயில் சுருட்டி, ஏர்போர்ட் நாற்காலியிலேயே விட்டுவிட்டு விமானம் ஏறியவள்.

மெயில் எழுதியதும் அனுப்பும் முன்னால் எனக்கு ஒரு தடவை காட்டு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மேல் கூப்பிடு.