1920கள்ல வந்த டான்ஸ் பேண்ட் ரெக்கார்டெல்லாம் ஏன் தகர டப்பா சத்தமா இருக்கு? அப்போ வாசிச்சவங்களுக்கு அவ்ளோதான் திறமையா?

எவனோ அப்லோட் பண்ணத மொபைல் ஸ்பீக்கர்ல கேட்டுட்டு இத கேக்குறீங்கன்னு நெனைக்கிறேன். கோவிச்சுக்காதீங்க, எல்லாரும் அப்படித்தான் ஆரம்பிக்கிறோம். ஆனா "அவ்ளோதான் திறமையா"ன்னு கேட்டீங்க பாருங்க, அங்கதான் எனக்கு சுர்ருனு ஏறிடுச்சு.

1925 வரைக்கும் ரெக்கார்டிங்ல மைக்கே கெடையாதுங்க. புனல் மாதிரி பெரிய ஹார்ன் ஒண்ணு இருக்கும், அது முன்னாடி பேண்ட் மொத்தமும் நெருக்கியடிச்சு நிக்கணும், வாசிக்கிற சத்தத்தோட விசையிலயே ஊசி அதிர்ந்து மெழுகுல கோடு போடும். பெரிய டிரம்ம ஓங்கி அடிச்சா ஊசி எகிறிடும்னு டிரம்மர மரக்கட்டைய தட்ட விட்டாங்க, டபுள் பாஸ் சரியா பதியாதுன்னு டியூபா, கிடார் எடுபடாதுன்னு பான்ஜோ. 1923ல இண்டியானாவுல ரிச்மண்ட்ங்கிற ஊர்ல கிங் ஆலிவரோட ஜாஸ் பேண்ட் ஜென்னட்ங்கிற ரெக்கார்ட் கம்பெனிக்கு வாசிச்சப்ப, அதுல கார்னெட் (சின்ன ட்ரம்பெட் மாதிரி) ஊதின லூயிஸ் ஆர்ம்ஸ்ட்ராங்குக்கு 21 வயசு, அவரு ஊதுறது மத்த எல்லாரையும் அமுக்குதுன்னு தள்ளிப் போய் நிக்க வச்சாங்கன்னு அதே பேண்ட்ல பியானோ வாசிச்ச லில் ஹார்டின் சொல்லியிருக்காங்க. பக்கத்துலயே ரயில் தண்டவாளம் வேற, ரயில் வந்தா எல்லாத்தையும் நிறுத்தணும். இதுக்கு நடுவுல மூணு நிமிஷத்துக்குள்ள, தப்பு வந்தா வெட்டி ஒட்ட வழியே இல்லாம வாசிச்சவங்களுக்கா திறமை இல்ல?

எல்லா பேண்டும் பிரமாதம்னு சொல்ல வரல, சுமாரானதும் ஏகப்பட்டது இருந்துச்சு. நம்ம சங்கீதத்த விட்டுட்டு வெள்ளக்காரன் டான்ஸ் பாட்டு உனக்கெதுக்குன்னு கமென்ட் போட வர்றவங்களுக்கு ஒண்ணு, அந்த ரெக்கார்ட் செய்ய தேவைப்பட்ட அரக்கு பெரும்பாலும் இங்கேர்ந்து போனதுதான்.

நியூ ஜெர்சில வேலை பாத்தப்ப ஒரு கராஜ் சேல்ல பால் வைட்மேன் பேண்டோட 'விஸ்பரிங்' கெடச்சுது, 1920ல விக்டர் கம்பெனி போட்டது. அபூர்வமெல்லாம் இல்ல, அந்தக் காலத்துல சக்கப்போடு போட்ட ரெக்கார்டு (கலெக்டர்ஸ் சிரிக்காதீங்க). எல்பி, அதாவது பின்னாடி வந்த வினைல் ரெக்கார்டுக்கான ஊசில ஓட்டினா சரசரப்ப தவிர ஒண்ணும் தேறல. விஷயம் என்னன்னா, எல்பி ஊசியோட முனை 1 மில், பல ஊசில அதுக்கும் கீழ. நிமிஷத்துக்கு 78 சுத்து சுத்துற இந்த மாதிரி பழைய ரெக்கார்டுக்கு சுமாரா 3 மில் வேணும், மில்னா ஒரு இன்ச்சுல ஆயிரத்துல ஒரு பங்கு. இசை பதிஞ்சிருக்கிறது பள்ளத்தோட சுவர்ல, சின்ன ஊசி அடிமட்டத்துல இருக்கிற அழுக்கத்தான் வாசிச்சிட்டுப் போகும். 3 மில் ஊசிய மாட்டிட்டு மறுபடி போட்டேன் பாருங்க, நடுவுல ஸ்லைட் விசில் ஒண்ணு தனியா வரும், உள்ள இருக்கிற தண்ட இழுத்து இழுத்து வாசிக்கிறது, ஒரு ஸ்வரத்துலேர்ந்து அடுத்ததுக்கு அது வழுக்கிட்டுப் போறது கமகம் கேட்டு வளந்த காதுக்கு அப்படியே பிடிபடும். அதுக்கு முன்னாடி எனக்கு அது விசில்னே தெரியல.

மைக் வந்தப்புறம் கேட்டா வித்தியாசம் இன்னும் பளிச்னு தெரியும். ரெக்கார்ட் கம்பெனிக்காக பாடகர்கள தேடிப் பிடிச்சு பதிவு பண்ண ரால்ஃப் பியர் 1923ல அட்லாண்டாவுல ஃபிடில் வாசிச்சு பாடுற ஜான் கார்சன ஹார்ன் வச்சு பதிவு பண்ணார், அதே மனுஷன் 1927ல அமெரிக்காவுல இருக்கிற பிரிஸ்டல்ல கார்ட்டர் ஃபேமிலிங்கிற நாட்டுப்புறப் பாட்டுக் குடும்பத்த மைக் வச்சு எடுத்தார். ரெண்டையும் அடுத்தடுத்து கேளுங்க. விக்டரோட ஹார்ன் காலத்து ரெக்கார்ட் வேணும்னா லைப்ரரி ஆஃப் காங்கிரஸோட நேஷனல் ஜூக்பாக்ஸ்ல இலவசமா இருக்கு. நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டு வழவழன்னு ஆக்கினத மட்டும் கேக்காதீங்க, சரசரப்போட சேந்து பான்ஜோவும் போயிடும்.

கேள்விக்கு சம்பந்தமில்லதான், இருந்தாலும் சொல்லிடறேன், பளபளன்னு பித்தளை ஹார்ன் வச்சு "ஒரிஜினல் ஆன்டிக்"னு கிராமபோன் விக்கிறாங்களே, நிறைய புதுப் பெட்டில ஏதோ ஒரு பழைய மோட்டார சொருகினது. என் மச்சான் ஒண்ணு வாங்கிட்டு வந்து ஒரே இரும்பு ஊசில மாசக்கணக்கா ஓட்டிட்டு இருந்தார், ஒரு பக்கத்துக்கு ஒரு ஊசின்னு வித்தவன் வாயே தொறக்கல. நான் ஒரு டப்பா ஊசி வாங்கிக் குடுத்தேன். அழகா இருக்குன்னு ஷோகேஸ்ல வச்சிருக்கார்.